கிம் யோன் கியோங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்து இத்தனை வருடம் ஆகியும், தென் கொரியாவின் பத்தாம் நம்பர் வீராங்கனை ஆடிய துண்டு வீடியோ ஒன்றை எங்கள் வாலிபால் குழுவில் யாராவது போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். போட்ட கையோடு அதே கேள்விகள் வரிசைகட்டி வரும். ஒவ்வொரு தடவையும் பதில் அடித்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இவங்க? டோக்கியோவுலதான் முதல் தடவையா பார்த்தேன். அதுக்கு முன்னாடியும் பெரிய ஆளா?

டோக்கியோவுக்கு வரும்போதே அவர் பதினாறு வருடம் தொழில்முறையாக ஆடி முடித்திருந்தார். பிறந்தது 1988 பிப்ரவரி 26, சியோலுக்குத் தெற்கே உள்ள ஆன்சான் நகரில். மூன்று பெண்களில் கடைக்குட்டி. மூத்த அக்கா வாலிபால் ஆடினார், அதைப் பார்த்து இவரும் தொடக்கப் பள்ளியிலேயே பந்தைத் தொட்டுவிட்டார்.

2005-இல் கொரிய லீக்கில் இறங்கி 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். இந்த இருபது வருடத்தில் நான்கு நாட்டு லீக்குகள், மூன்று ஒலிம்பிக்ஸ். சொந்த ஊரில் ‘வாலிபால் பேரரசி’ என்பார்கள். கிம் என்பது குடும்பப் பெயர், கொரிய வழக்கப்படி முன்னால் வரும். இனி சுருக்கமாகக் கிம் என்றே எழுதுகிறேன்.

192 செ.மீ. உயரம் இருந்தா யார் வேணா அடிக்கலாமே. இதுல என்ன பெருமை?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் நடந்தது இதற்கு நேர் எதிர். நடுநிலைப் பள்ளியில் கிம் குள்ளமான பிள்ளை. அட்டாக் செய்ய உயரம் போதாது என்பதால் பயிற்சியாளர்கள் அவரைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். சர்வீஸை எடுப்பது, விழுகிற பந்தைத் தோண்டி எடுப்பது, சில நாள் செட்டர் வேலை (அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பது), பல நாள் பெஞ்ச். வாலிபாலை விட்டுவிடலாமா என்றுகூட அப்போது யோசித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

உயர்நிலைப் பள்ளியில் திடீரென்று வளர்ந்தார், கிட்டத்தட்ட இருபது செ.மீ. உயரமான பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சின்ன வயதிலேயே உயரமாக இருந்தவர்களை வலைக்குப் பக்கத்தில் நிறுத்தி ‘நீ அடி, போதும்’ என்று வளர்த்திருப்பார்கள். அவர்களுக்குத் தரையோரம் வரும் பந்தை எடுக்க வராது. கிம்முக்கு முதலில் வந்ததே அதுதான். பின்வரிசையில் பந்து எடுக்க மட்டுமே நிற்கும் லிபரோவின் கையும், அடிப்பதே பிரதான வேலையான யுனிவர்சலின் உயரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அப்படித்தான்.

அப்போ அவங்க எந்தப் பொசிஷன்? யுனிவர்சல்னு ஒருத்தர் சொல்றாரு, லெஃப்ட்னு ஒருத்தர் சொல்றாரு.

லெஃப்ட் அட்டாக்கர். முன்வரிசைக்கு வந்தால் இடது மூலையிலிருந்து அடிப்பார். யுனிவர்சல் எதிர்மூலையில் செட்டருக்கு நேரெதிரான ரொட்டேஷனில் நிற்பவர். பெரும்பாலான அணிகளில் யுனிவர்சலுக்கு ரிசீவ், அதாவது எதிரணி சர்வீஸை எடுக்கும் வேலை கிடையாது, அடிப்பதுதான் பிரதான வேலை.

லெஃப்டுக்கு அந்தச் சலுகை இல்லை. லிபரோவோடு சேர்ந்து எதிரணி சர்வீஸை எடுக்க வேண்டும், எடுத்த கையோடு ஓடிப்போய் அடிக்கவும் வேண்டும். எதிரணியும் சும்மா விடாது. நல்ல அட்டாக்கர் யாரோ அவர் மேலேயே சர்வீஸ் போட்டு, குனிய வைத்து, ஓட்டத்தைத் தாமதப்படுத்தப் பார்க்கும். கிம்மிடம் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

எந்தெந்த கிளப்புக்கு ஆடினாங்க? வரிசையா ஒருமுறை சொல்லிடுங்க.

2005 முதல் 2009 வரை கொரியாவின் ஹுங்குக் லைஃப் பிங்க் ஸ்பைடர்ஸ். அது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அணி. அங்கே மூன்று சாம்பியன் பட்டம். அடுத்த இரண்டு சீசன் ஜப்பானின் ஜேடி மார்வெலஸ், 2010-11இல் அங்கேயும் பட்டம். பிறகு ஆறு வருடம், அதாவது 2017 வரை, இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சே. அதன்பின் சீனாவில் ஷாங்காய் அணிக்கு ஒரு சீசன், திரும்ப இஸ்தான்புல்லுக்கு வந்து எஜாஜிபாஷிக்கு இரண்டு சீசன்.

2020-21இல் மறுபடி ஹுங்குக். ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு ஷாங்காயில் ஒரு குட்டி சீசன். 2022-இலிருந்து ஓய்வு வரை ஹுங்குக். ஆக, கிளப் ஐந்து, நாடு நான்கு.

பள்ளிக்கூடம் முடிச்ச பொண்ணை எடுத்த எடுப்புல பெரிய கிளப் எப்படிச் சேர்த்துச்சு? ஏலமா?

ஏலம் இல்லை, டிராஃப்ட். பள்ளி முடிக்கும் வீராங்கனைகளைக் கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும், முந்தைய சீசனில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. ஹுங்குக் அதற்கு முந்தைய சீசனில் கடைசி. கிம்மை முதல் ஆளாக எடுத்தது.

அடுத்த சீசன் முடிந்தபோது அதே அணி சாம்பியன். சிறந்த புதுமுகம், லீக் சுற்றின் சிறந்த வீராங்கனை, இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை, மூன்று விருதும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு. அந்த முதல் சில வருடங்களிலேயே முழங்காலில் பலமுறை அறுவைச் சிகிச்சையும் நடந்தது. விருதுப் பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

துருக்கியில போய் ஆறு வருஷம் எதுக்கு? அங்க வாலிபால் அவ்வளவு பெருசா?

பெண்கள் வாலிபாலைப் பொறுத்தவரை இஸ்தான்புல்தான் தலைநகரம். வக்கிஃப்பேங்க், எஜாஜிபாஷி, ஃபெனர்பாச்சே மூன்றும் அந்த ஒரே ஊர் அணிகள். முதலாவதன் பின்னால் ஒரு வங்கி, இரண்டாவதன் பின்னால் மருந்துத் தொழிலில் தொடங்கிய ஒரு பெரிய குழுமம். மூன்றாவது, கால்பந்து ரசிகர் கூட்டத்தை அப்படியே வாலிபால் அரங்குக்கும் இழுத்துவரும் கிளப். தேசிய அணியை அங்கே ‘வலையின் சுல்தான்கள்’ என்று செல்லமாகச் சொல்வார்கள்.

கிம் போன முதல் சீசனிலேயே, 2012-இல், ஃபெனர்பாச்சே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. பாகுவில் நடந்த இறுதியில் பிரான்ஸின் கான் அணியை நேர் செட்டில் சாய்த்தார்கள். தொடரின் அதிகப் புள்ளி எடுத்தவரும் சிறந்த வீராங்கனையும் கிம். அணியின் பயிற்சியாளர் பிரேசிலின் ஜோசே ராபர்ட்டோ கிமாராயஸ். இவரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார். அப்புறம் 2014-இல் ஐரோப்பாவின் இன்னொரு கிளப் கோப்பையான சிஇவி கோப்பை, 2015, 2017 இரண்டிலும் துருக்கி லீக் பட்டம்.

கிளப்போட ஏதோ ஒப்பந்தத் தகராறுன்னு சொல்றாங்களே, என்ன அது?

கொஞ்சம் நீளமான கதை. கொரிய லீக் விதிப்படி, டிராஃப்டில் எடுத்த கிளப்புக்கு ஆறு சீசன் ஆடி முடித்தால்தான் வீராங்கனைக்கு விருப்பப்பட்ட இடத்துக்குப் போகும் சுதந்திரம். கிம் கொரியாவில் ஆடியது நான்கு. அதன்பிறகு ஜப்பானில் இரண்டு, துருக்கியில் ஒன்று, இந்த மூன்றுக்கும் ஹுங்குக் அவரைக் கடனாக அனுப்பியிருந்தது.

2012 ஜூனில் ஒப்பந்தம் முடிந்தது. கிம் தரப்பு சொன்னது: கையெழுத்துப் போட்ட காகிதம் முடிந்துவிட்டது, நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. கிளப் சொன்னது: வெளிநாட்டில் ஆடிய வருடங்கள் கணக்கில் வராது, இன்னும் இரண்டு சீசன் பாக்கி. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு லீக்குக்குப் போக சொந்த நாட்டுச் சங்கம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். கொரியச் சங்கம் கிளப் பக்கம் சாய்ந்தது. லண்டன் ஒலிம்பிக்ஸில் நாட்டுக்காக உயிரைக் கொடுத்து ஆடிய கையோடு, அந்த ஒரு சான்றிதழுக்காக அவர் அலைய வேண்டியிருந்தது. பேச்சு கொரிய நாடாளுமன்றம் வரை போனது. கடைசியில் சர்வதேசக் கூட்டமைப்பு தலையிட்டு, அவர் ஃபெனர்பாச்சேயிலேயே தொடர்ந்தார்.

உள்நாட்டு உரிமை மட்டும் ஹுங்குக்கிடமே இருந்தது. 2020-இல் கொரியாவுக்குத் திரும்பியபோது வேறு அணியைப் பற்றிப் பேச்சே எழாததற்குக் காரணம் அதுதான். அது ஐந்தாவது சீசன், 2022-23 ஆறாவது. ஆக, தன் நாட்டு லீக்கில் இந்தச் சுதந்திரம் அவருக்கு முதல் தடவையாகக் கிடைத்தது 2023-இல், முப்பத்தைந்து வயதில். விதி வீராங்கனைக்குப் பாதுகாப்பா கிளப்புக்குப் பாதுகாப்பா என்று கேட்டால் என் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

2012-ல நாலாவது வந்த டீம்ல இருந்தவங்களுக்கு சிறந்த வீராங்கனை விருது எப்படிக் குடுத்தாங்க? தங்கம் ஜெயிச்ச டீமுக்குத்தானே குடுக்கணும்?

பெரும்பாலும் அப்படித்தான் கொடுப்பார்கள். அதனால்தான் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் விருது பெரிய விஷயம். எட்டு ஆட்டத்தில் 207 புள்ளிகள், ஒரு ஆட்டத்துக்கு இருபத்தைந்துக்கும் மேலே. அதிகப் புள்ளி எடுத்தவர் பட்டியலிலும் அவர்தான் முதல்.

கொரியா அந்தத் தொடரில் குழு ஆட்டத்தில் பிரேசிலை 3-0 என்று தோற்கடித்தது. காலிறுதியில் இத்தாலியை வீழ்த்தி, அரையிறுதியில் அமெரிக்காவிடம் தோற்று, வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஜப்பானிடம் விழுந்தது. அதே பிரேசில் கடைசியில் தங்கம் வாங்கியது. அதன் பயிற்சியாளர் யார்? மேலே சொன்ன கிமாராயஸ். மார்ச்சில் கிம்மை வைத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கியவர், ஆகஸ்ட் முதல் தேதி அதே கிம்மிடம் தோற்று, அதே மாதம் தங்கம் வாங்கினார்.

தங்கமே வாங்கலையா அப்போ?

நாட்டுக்காக வாங்கியிருக்கிறார், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில். இறுதியில் சீனாவை 3-0 என்று வென்றார்கள். அதற்கு முன் 2010 குவாங்சோவில் அதே சீனாவிடம் ஐந்து செட் ஆடித் தோற்று வெள்ளி. 2018 ஜகார்த்தாவில் வெண்கலம்.

இஞ்சியோன் தங்கத்துக்குச் சங்கம் வைத்த வெற்றி விருந்து ஒரு கிம்ச்சி குழம்புக் கடையில் நடந்தது. கொரியாவில் அது மதியச் சாப்பாட்டுக்குப் போகிற கடை. கிம் தன் கைக்காசைப் போட்டு அணியை வேறொரு நல்ல உணவகத்துக்கு அழைத்துப் போனார். விஷயம் பின்னால் வெளியே வந்தபோது சங்கத்தை மக்கள் கிழி கிழி என்று கிழித்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கும் உடன் வந்த ஆட்கள் குறைவு. மொழிபெயர்க்க ஆளில்லாமல் அந்த வேலையையும் பல நேரம் கிம்மே பார்த்தார். காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றுத் திரும்பினார்கள்.

தொடையில ரத்தம் கட்டின மாதிரி ஒரு போட்டோ சுத்துதே, அது நிஜமா? அடிபட்டுச்சா?

நிஜம்தான். 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியின்போது எடுத்தது. விழுந்து அடிபட்டதில்லை. வலிக்கு ஒட்டும் டேப்பை ஆட்டத்துக்கு ஆட்டம் ஒட்டி உரித்ததில் தோலுக்கடியில் நுண் ரத்தக் குழாய்கள் வெடித்துச் சிவந்திருந்தன. ஒன்றரை வருடம் முன்பு, 2020 ஜனவரியில் தாய்லாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் வயிற்றுத் தசை கிழிந்த நிலையில் ஆடித்தான் இந்த டோக்கியோ டிக்கெட்டையே வாங்கித் தந்திருந்தார்.

டோக்கியோவில் எல்லோரும் பார்க்க வேண்டியது ஜப்பானோடு ஆடிய குழு ஆட்டம். ஐந்தாவது செட், ஜப்பான் 14, கொரியா 12. இன்னும் ஒரே ஒரு புள்ளி விட்டால் முடிந்தது. கொரியா தொடர்ந்து நான்கு புள்ளி எடுத்து 16-14 என்று வென்றது. கிம் அன்று 30 புள்ளிகள். ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் முக்கியமான அடிகளை அடித்தவர் பார்க் ஜோங் ஆ. ஜப்பானின் பிளாக்கர்கள் கண் முழுக்கக் கிம் மேல் இருந்தது. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பந்து எங்கே போகிறது என்று தெரிவதற்கு முன்பே அவர்கள் உடம்பு கிம் பக்கம் சாய்வது தெரியும். பந்தைத் தொடாமலே ஒரு புள்ளியில் பங்கெடுப்பது இப்படித்தான்.

டைம் அவுட்டில் அவர் கத்துகிற வீடியோ டொமினிக்கன் குடியரசு ஆட்டத்தினுடையது. நாலாவது செட்டில் பின்தங்கி நின்றபோது, செய்து பார்ப்போம், பின்னால் வருத்தப்படக் கூடாது என்று அணியை உசுப்புகிறார். அந்தச் செட் போனது. ஆட்டத்தை ஐந்தாவது செட்டில் எடுத்தார்கள்.

துருக்கியைத் தோற்கடிச்சதுக்கு அப்புறம் கொரியாக்காரங்க மரம் நட்டாங்கன்னு ஒரு கதை இருக்கே, உண்மையா புருடாவா?

உண்மை. 2021 ஆகஸ்ட் 4 அன்று காலிறுதியில் கொரியா துருக்கியை ஐந்து செட்டில் வென்றது, கடைசி செட் 15-13. கிம் 28 புள்ளி. எதிரே துருக்கி கேப்டனாக நின்ற எடா எர்தெம், ஃபெனர்பாச்சேயில் கிம்மோடு ஆறு வருடம் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்.

அந்த வாரம் துருக்கியில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. தோற்ற துருக்கி வீராங்கனைகள் ஊரை நினைத்து அழுததைப் பார்த்த கொரிய ரசிகர்கள், கிம் பெயரிலும் கொரியாவின் பெயரிலும் துருக்கிக்கு மரக்கன்றுகளுக்கான நன்கொடை அனுப்ப ஆரம்பித்தார்கள். யாரும் ஏற்பாடு செய்ததில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது. அரையிறுதியில் பிரேசிலிடம் கொரியா 0-3. ஆம், மறுபடி கிமாராயஸ்தான். வெண்கல ஆட்டத்தில் செர்பியாவிடமும் அதே 0-3. இரண்டாவது முறையாக நாலாவது இடம். அந்த ஆகஸ்ட்டிலேயே தேசிய அணியிலிருந்து விலகினார்.

இந்தியாவோட ஆடியிருக்காங்களா?

ஆடியிருக்கிறார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கொரியாவின் முதல் ஆட்டமே இந்தியாவோடுதான். 3-0 என்று கொரியா எளிதாக வென்றது. நம் பெண்கள் வலைக்கு அந்தப் பக்கம் அப்படியொரு ஆளைப் பார்த்ததே ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2020-ல கொரியா திரும்பினப்போ சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டாங்களாம். விளம்பரத்துக்குச் சொன்னதா?

விளம்பரம் இல்லை, கணக்கு. கொரிய லீக்கில் ஒரு அணி தன் வீராங்கனைகள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் தரலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஹுங்குக் அப்போது இரட்டைச் சகோதரிகள் இருவரைப் பெரிய தொகைக்கு எடுத்திருந்தது. கிம் தன் மதிப்புக்கேற்ற தொகையைக் கேட்டிருந்தால் மற்றவர்கள் சம்பளம் வெட்டப்பட்டிருக்கும், இல்லை யாராவது வெளியே போயிருக்க வேண்டும். 35 கோடி வோனுக்குச் சம்மதித்தார். அன்றைய கணக்கில் இரண்டு கோடி ரூபாய்க்குச் சற்று மேல். துருக்கியில் வாங்கிக்கொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் அது மிகச் சின்னத் தொகை. ஊரடங்குக் காலம், ஒலிம்பிக்ஸ் தள்ளிப்போயிருந்தது, உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு லீக் வேண்டும். அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு செய்தும் அந்த சீசன் கைகூடவில்லை. அந்தச் சகோதரிகள் பள்ளிக்காலத்தில் சக மாணவிகளைத் துன்புறுத்திய புகாரில் 2021 பிப்ரவரியில் இடைநீக்கம் ஆனார்கள். மீதி அணியை இழுத்துக்கொண்டு இறுதித் தொடர் வரை போய் ஜிஎஸ் கால்டெக்ஸ் அணியிடம் தோற்றார் கிம்.

கடைசி சீசன்ல கப் ஜெயிச்சதுக்கு ஏன் அவ்வளவு ஆர்ப்பாட்டம்? முன்னாடியே மூணு கப் வாங்கினவங்கதானே?

நடுவில் நடந்ததைப் பார்த்தால் புரியும். 2021 தோல்வி மேலே சொன்னேன். 2023 இறுதித் தொடரில் ஹுங்குக் முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டு, அடுத்த மூன்றையும் கொரியா எக்ஸ்பிரஸ்வே அணியிடம் விட்டது. அந்த லீக்கின் இறுதித் தொடரில் அப்படி முன்னால் நடந்ததே கிடையாது. 2024-இல் ஹியூண்டாய் அணியிடம் 0-3. அடுத்த சீசன் நடுவில், 2025 பிப்ரவரியில், இதோடு போதும் என்று அறிவித்தார்.

இறுதியில் எதிரணி ஜோங்க்வான்ஜாங். இந்தோனேசியாவின் மெகாவதி ஹங்கெஸ்திரி அங்கே பிரதான அட்டாக்கர். ஹுங்குக் முதல் இரண்டை வென்றது. அடுத்த இரண்டையும் விட்டது. 2023-ஐப் பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஏப்ரல் 8, இஞ்சியோன், ஐந்தாவது ஆட்டம். முதல் இரண்டு செட்டும் 26-24 என்று ஹுங்குக்குக்கு, அடுத்த இரண்டும் 24-26, 23-25 என்று போனது, கடைசி செட் 15-13. முப்பத்தேழு வயதில் கிம் 34 புள்ளி. ஆனால் அரங்கம் எழுந்து நின்றது ஐந்தாவது செட்டின் இறுதிக் கட்டத்தில் அவர் பாய்ந்து விழுந்து எடுத்த ஒரு பந்துக்கு. பின்வரிசையில் பழகிய கை. இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை விருதுக்கு வாக்களித்த 31 பேரும் அவர் பெயரையே எழுதினார்கள்.

ஒலிம்பிக் பதக்கம் ஒண்ணுகூட இல்லாதவங்களை உலகத்துலயே பெஸ்ட்னு சொல்றது ஓவர் இல்லையா?

நியாயமான சந்தேகம். கொரியப் பெண்கள் வாலிபால் அணிக்கு ஒலிம்பிக்ஸில் இருப்பது ஒரே ஒரு பதக்கம், 1976 மாண்ட்ரியல் வெண்கலம். பிரேசில், சீனா, அமெரிக்கா, செர்பியா மாதிரி ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று உலகத்தர ஆட்களை வைத்திருக்கும் நாடு அது கிடையாது. அப்படிப்பட்ட அணியோடு இரண்டு தடவை அரையிறுதிக்குப் போனார்.

நல்ல ஆட்கள் சுற்றி இருந்தபோது, அதாவது ஃபெனர்பாச்சேயில், ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையை முதல் வருடமே வாங்கினார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘உலகத்திலேயே’ என்று சொல்லச் சீனாவின் ஜூ டிங் பெயரைச் சொல்கிறவர்களும் உண்டு, அவர் கையில் ரியோ தங்கம் இருக்கிறது. அடி மட்டும் கேட்டால் நான் விட்டுக்கொடுப்பேன். ரிசீவ், டிஃபன்ஸ், அடி, அணியை நடத்துவது எல்லாம் சேர்த்துக் கேட்டால் என் ஓட்டு கிம்முக்குத்தான்.

அவங்க போனதும் கொரியா டீம் படுத்துடுச்சே. எல்லாத்தையும் ஒரே ஆள் தலையில கட்டினதுதான் காரணமா?

பாதிக் காரணம் அது. அவர் விலகிய பிறகு 2022, 2023 இரண்டு வருடமும், தேசிய அணிகள் மோதும் வருடாந்திரத் தொடரான நேஷன்ஸ் லீக்கில் கொரியா பன்னிரண்டு ஆட்டத்தில் பன்னிரண்டும் தோற்றது. பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறவில்லை. 2025-இல் அந்த லீக்கிலிருந்தே கீழே இறக்கப்பட்டது.

மீதிப் பாதி லீக்கின் அமைப்பில் இருக்கிறது. கொரிய கிளப்புகள் ஒவ்வொன்றும் ஒரு வெளிநாட்டு அட்டாக்கரை எடுத்து, இக்கட்டான பந்தையெல்லாம் அவரிடமே தள்ளும். உள்ளூர்ப் பெண்ணுக்கு 23-23 நிலையில் அடித்துப் பழக வாய்ப்பே குறைவு. 2023-24இலிருந்து ஆசிய நாட்டு வீராங்கனை ஒருவரையும் கூடுதலாக எடுக்கலாம், மெகாவதி வந்தது அப்படித்தான். உள்நாட்டுச் சம்பளம் நன்றாக இருப்பதால் வெளிநாட்டு லீக்குக்குப் போய் இடிபட்டுக் கற்க யாரும் கிளம்புவதுமில்லை. கிளம்பினவருக்கு என்ன நடந்தது என்று ஒப்பந்தத் தகராறு பதிலில் பார்த்தீர்கள். ஒரு கிம்மை உருவாக்கியது அந்த அமைப்பு இல்லை, பள்ளிக்கூடப் பின்வரிசையும் இஸ்தான்புல்லும்தான்.

என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, உயரம் கம்மி. கிம் மாதிரி அப்புறம் வளர்ந்துடுவாளா சார்?

அதை என்னால் சொல்ல முடியாது, யாராலும் சொல்ல முடியாது. உயர்நிலைப் பள்ளியில் இருபது செ.மீ. வளர்வது அபூர்வம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அம்மா அப்பா உயரத்தைப் பாருங்கள், அதுதான் கொஞ்சமாவது துப்புத் தரும்.

இதைச் செய்யலாம். ரிசீவும் செட்டிங்கும் இப்போதே பழகட்டும். வளர்ந்தால் அது கூடுதல் பலம், வளராவிட்டால் லிபரோ என்றே ஒரு பொசிஷன் 1998-இலிருந்து இருக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளையை ‘நீ இந்தப் பொசிஷன்தான்’ என்று எந்தப் பயிற்சியாளராவது முத்திரை குத்தினால் மட்டும் போய்ப் பேசுங்கள். உயரமான பிள்ளையின் அப்பாவுக்கும் இதே பதில். அவளையும் குனிந்து பந்து எடுக்க விடச் சொல்லுங்கள்.

இப்போ என்ன பண்றாங்க? கோச் ஆயிட்டாங்களா?

தேசிய அணியிலிருந்து பிரியாவிடை ஆட்டம் 2024 ஜூனில் சியோலின் ஜம்சில் அரங்கில் நடந்தது, பல நாட்டு வீராங்கனைகள் வந்திருந்தார்கள். தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருக்கிறார். ஹுங்குக் கிளப்புக்கு ஆலோசகர். 2023-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வீரர்கள் ஆணையத்துக்குக் கொரியாவின் வேட்பாளராக முயன்றார், அந்த வேட்பாளர் இடம் கோல்ஃப் வீராங்கனை பார்க் இன்பீக்குப் போனது.

2025-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் பயிற்சியாளர் ஆனார். தொழில்முறை கிளப்புகள் வெளியே அனுப்பியவர்கள், டிராஃப்டில் எடுபடாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஓர் அணியைச் சேர்த்து நிஜ அணிகளோடு மோதவிட்டார்கள். வாலிபால் தெரிந்தவர்கள் டைம் அவுட் பகுதிகளை மட்டுமாவது தேடிப் பாருங்கள். அங்கேயும் அவர் விரட்டிக்கொண்டிருப்பது ரிசீவுக்காகத்தான்.